பூ முழுதாக விழுந்தால் மேலே பாருங்கள்

டோக்கியோவில் சகுரா (செர்ரிப் பூ) என்றாலே மார்ச் கடைசியில் பூக்கும் சோமேய் யோஷினோ வகைதான் எல்லோருக்கும் நினைவு வரும். பறவைகளோடு படம் எடுக்க நான் காத்திருப்பது அதற்கு முன்பே, பிப்ரவரியில் பூக்கும் கவாசு சகுராவுக்கு. அடர்ந்த இளஞ்சிவப்பு, வாரக்கணக்கில் பூத்திருக்கும். நிஷி கசாயில் குடியிருப்பதால் சனிக்கிழமை காலையில் கியூ நாகாகவா ஆற்றங்கரைக்கு சைக்கிளிலேயே போய்விடுவேன்.

அங்கே முதலில் வருவது மெஜிரோ, நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் நெருங்கிய சொந்தம். பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மொத்தமே 12 செ.மீ. நீளம். தூரிகை போன்ற நாக்கு நுனியால் தேனை நக்கிவிட்டு அடுத்த நொடி அடுத்த பூவுக்குத் தாவிவிடும். முதல் வருடம் முழுக்க அதைத் துரத்தினேன். கிடைத்ததெல்லாம் வாலும் மங்கலும்தான். இப்போது பறவையைத் தேடுவதில்லை, கிளையைத் தேடுகிறேன். கண் மட்டத்தில் ஒரு கிளை, அதற்குப் பின்னால் பத்து மீட்டராவது வெற்றிடம், அப்புறம் நிழலில் இருக்கும் ஒரு மரக்கூட்டம். அது கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். போன கூட்டம் திரும்ப வரும்.

லென்ஸ் 300 அல்லது 400 மி.மீ., ஷட்டர் 1/1600 நொடி, ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள். பின்னால் வெளிறிய வானம் இருந்தால் பறவை கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்காகும்படி, கூட்டுங்கள். நிழல் பின்னணியில் கூட்டாதீர்கள், கண் வளையம் வெளுத்து அடையாளமே போய்விடும். லேசான மேகமூட்டம் எனக்கு வெயிலைவிடப் பிடிக்கும். இதழின் நரம்புகூடத் தெரியும். லென்ஸுக்கு மிக அருகில் ஒரு பூங்கொத்து வரும்படி நகர்ந்து நின்றால் அது இளஞ்சிவப்புப் புகையாகக் கரைந்து பறவையைச் சுற்றிக்கொள்ளும்.

ஹியோதோரி என்ற பெரிய சாம்பல் கொண்டைக்குருவி வந்தால் மெஜிரோக்கள் ஓடிவிடும். வருத்தப்பட வேண்டாம். அதன் அலகைப் பாருங்கள், மகரந்தம் அப்பி மஞ்சளாக இருக்கும்.

ஏப்ரல் தொடக்கத்தில் சோமேய் யோஷினோவிடம் போகும்போது தரையையும் கவனியுங்கள். பூ தானாக உதிர்ந்தால் இதழ் இதழாகத்தான் வரும். ஐந்து இதழோடு, சின்னக் காற்றாடிபோல் சுழன்று முழுப் பூ விழுகிறதா? மேலே சிட்டுக்குருவி இருக்கிறது. அதன் தடித்த அலகு பூவுக்குள் நுழையாது. அதனால் பூவின் அடியைக் கடித்துத் தேனைப் பிழிந்துவிட்டுப் போட்டுவிடும். கன்னத்தில் கறுப்புப் பொட்டோடு, வாயில் ஒரு முழுப் பூவோடு நிற்கிற அந்த ஒரு நொடிக்காக நான் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். பூக்கள் மடமடவென்று கொட்டினால் பச்சைக்கிளிகள். நம் தென்னந்தோப்புக் கிளியேதான். வளர்க்கக் கொண்டுவந்து தப்பியவற்றின் வாரிசுகள். சகுராவுக்குள் அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

கிளையை உலுக்காதீர்கள், குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். குளிர் முடிந்து அவை பசியோடு வந்திருக்கின்றன.

பூ முடிந்ததும் கேமராவை மூட்டை கட்டிவிடாதீர்கள். ஓட்டம் மெதுவான கால்வாய்களில் இதழ்கள் ஒன்றாக ஒதுங்கி மிதக்கும். ஹனாய்க்காதா, பூந்தெப்பம் என்பார்கள். கரையில் குனிந்து கேமராவை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வாத்து நடுவே நீந்தி வரும்போது பின்னால் கறுப்பாக ஒரு நீர்ப்பாதை திறக்கும். அது மூடுவதற்குள் எடுத்துவிடுங்கள்.