தேங்காய்ப்பூ கோழி வறுவல்: மொறுமொறுப்பாக வருவதற்கான வழி

தேங்காய்த் துருவலில் புரட்டிப் பொரிக்கும் இந்த வறுவலுக்காக, புதுச்சேரியில் நான் வழக்கமாகக் கறி வாங்கும் கடையில் ‘சிக்கன் டெண்டர்’ என்று கேட்டபோது, கடைக்காரர் எலும்பில்லாத கறியைச் சிறு துண்டுகளாக வெட்டித் தந்துவிட்டார். நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து பிரிக்கும்போது அதன் அடியில் தனியாகக் கழன்று வரும் நீளச் சதைதான் டெண்டர் என்பது. ஒரு கோழிக்கு இரண்டே கிடைக்கும் என்பதால், நான்கு பேருக்குச் செய்ய அரைக் கிலோ நெஞ்சுக்கறியாகவே வாங்கி, விரல் நீளத்திற்கு, ஒரே கனத்தில் வீட்டிலேயே நறுக்கிக்கொள்வது எளிது. உண்மையான டெண்டரே கிடைத்துவிட்டால், அதன் நடுவில் ஓடும் வெள்ளை நரம்பின் நுனியைத் துணியால் பிடித்துக்கொண்டு, கத்தியால் சதையை மெல்லத் தள்ளி நரம்பை உருவிவிட வேண்டும். வெந்த பிறகும் அது பல்லில் இழுபடும்.

கழுவிய கறியை நன்றாக வடியவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்த பிறகே மசாலா தடவுங்கள். இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு ஆகியவை ஒவ்வொரு தேக்கரண்டியும், மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டியும், உப்பு முக்கால் தேக்கரண்டியும் போதும். அரை மணி நேரம் ஊறட்டும். தயிர் வேண்டாம், அது மேல்பூச்சை நெகிழச் செய்துவிடும்.

இந்தப் பண்டத்தின் வெற்றியும் தோல்வியும் தேங்காயில்தான் இருக்கின்றன. முதன்முறை செய்தபோது, அப்போதுதான் துருவிய தேங்காயை அப்படியே கறியில் ஒட்டி எண்ணெயில் போட்டேன். பாதி உதிர்ந்து அடியில் கருகியது, மீதி கறியின் மேல் ஈரமாகச் சுருண்டு கிடந்தது. பச்சைத் தேங்காயின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்த நீர் ஆவியாகி வெளியேறும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே, ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வராதபடி ஒன்றரைக் கோப்பை துருவி, கையால் இறுகப் பிழிந்து பாலை எடுத்துவிட்டு, அடி கனத்த வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் கரண்டியில் ஒட்டும் துருவல், சற்று நேரத்தில் மணல்போல உதிரத் தொடங்கும். நிறம் மாறுவதற்கு முன்பே இறக்கி, தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிட வேண்டும். கடையில் விற்கும் உலர் தேங்காய்த்தூளுக்கு இந்த வேலை இல்லை; ஆனால் சர்க்கரை சேர்த்ததை வாங்கிவிடாதீர்கள், அது நொடியில் கருகும். பிழிந்த பாலை வீணாக்காமல் மறுநாள் சொதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறிய தேங்காயுடன் முக்கால் கோப்பை ரொட்டித்தூளைக் கலக்குங்கள். இங்குள்ள பேக்கரிகளில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டி முந்தைய நாளையதாக மீந்திருந்தால், அதைத் தோசைக்கல்லில் காயவைத்து மிக்சியில் கரகரப்பாகத் திரிப்பதைவிடச் சிறந்த தூள் வேறில்லை. மூன்று தட்டுகளை வரிசையாக வையுங்கள்: முதலில் நான்கு மேசைக்கரண்டி மைதாவும் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும், அடுத்து அடித்த இரண்டு முட்டைகள், கடைசியில் தேங்காய்க் கலவை. கறியை மாவில் புரட்டி, உதறி, முட்டையில் தோய்த்து, தேங்காய்க் கலவையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு கையை ஈரத்துக்கும் மற்றதை உலர்ந்ததற்கும் ஒதுக்காவிட்டால், விரல்களும் வறுவலுக்குத் தயாராகிவிடும். பிறகு கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பூச்சு இறுகும்.

கடலை எண்ணெயை இரண்டு விரல் ஆழத்திற்கு ஊற்றி, 170 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்குங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுப் பார்க்கலாம். அது உடனே நுரைத்து மேலே வர வேண்டும், ஆனால் நிறம் சட்டென்று மாறக் கூடாது. தேங்காய் ரொட்டித்தூளைவிட விரைவில் சிவக்கும் என்பதால் தீ மிதமாகவே இருக்கட்டும். நான்கைந்து துண்டுகளாகப் போட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பொரித்தால் பொன்னிறமாகும். மிகத் தடித்த துண்டைக் கீறிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். உதிர்ந்த தூளை ஒவ்வோர் ஈட்டுக்கும் பிறகு அரித்தெடுக்காவிட்டால், அடுத்த ஈடு கசக்கும்.

தொட்டுக்கொள்ள, வெங்காயத்தோடு தாளிப்புப் பொருள்களைச் சேர்த்து வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகத்தில் ஒரு சிட்டிகையை எண்ணெயில் பொரித்து, நசுக்கி, கெட்டித் தயிரில் உப்புடன் கலந்தால் போதும். பிரெஞ்சுச் சமையலில் ‘வடுவான்’ என்ற பெயரில் உலவுவதும் நம் வடகத்தின் வழிவந்த மசாலாதான். கோழிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

பொரித்தவற்றைத் தாளில் குவிக்காமல் கம்பித் தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். கடற்காற்றின் ஈரம் நிறைந்த நம் ஊரில், சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் சிறிது நேரத்திலேயே நமத்துவிடும். மீந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மூடாமல், சிறு தீயில் திருப்பித் திருப்பி உள்வரை சூடாக்கிக்கொள்ளலாம்.