ஹர்கெய்சாவுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு

ஆசிரியர் வேலைக்கோ மருத்துவமனைப் பணிக்கோ ஹர்கெய்சா வருகிறீர்களா? இது சோமாலிலாந்தின் தலைநகர். முதலில் சோமாலிலாந்து என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். "உங்க சோமாலியாவில்" என்று பேச்சைத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். பிரிட்டன் ஆண்ட இந்தப் பகுதி 1960 ஜூன் 26 அன்று விடுதலை பெற்று, ஐந்தே நாளில் இத்தாலி ஆண்ட தெற்கோடு இணைந்தது. அந்த உறவு கசந்து, 1991 மே 18 அன்று பிரிந்துவிட்டதாக அறிவித்தது. தனி நாணயம், தனித் தேர்தல் எல்லாம் உண்டு, ஐ.நா.வில் இடமில்லை. மொகடிஷுவில் இருக்கும் சோமாலியா அரசு இன்றும் இதைத் தன் நிலம் என்றே சொல்கிறது. விசாவும் தனி. அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே, எந்த விசா என்பதை வேலை தருபவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஹர்கெய்சா இருக்கும் மாநிலத்தின் பெயர் மரோடி ஜேஹ். பழைய வரைபடத்தில் வோக்கூயி கல்பீட், அதாவது வடமேற்கு என்று இருக்கும். மரோடி என்றால் யானை. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றுக்கும் இதே பெயர்தான். வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். ஏப்ரல் முதல் ஜூன் வரை 'கூ' மழைக்காலம். அப்போது திடீரென்று வெள்ளம் வரும். வானம் இருட்டியிருந்தால் மணலில் இறங்கிக் குறுக்கே போகாமல், சுற்றானாலும் பாலத்தில் போங்கள்.

1997-இல் பெய்த கனமழை இங்கே மண்ணை அரித்தபோது மனித எலும்புகள் வெளியே வந்தன. 1988-இல், அப்போது சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் ராணுவம் கொன்று புதைத்தவர்களுடைய எலும்புகள் அவை. அந்த ஆண்டு, இந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே போர் விமானங்கள் கிளம்பி இந்த ஊர் மீதே குண்டு வீசின. நகரம் தரைமட்டமானது. லட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்கு ஓடினார்கள். ஈழத்திலிருந்து வருபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நகர நடுவில் ஒரு மிக் விமானத்தைப் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்; வந்த முதல் வாரமே போய்ப் பாருங்கள். எங்கள் பள்ளிக் காவலாளிப் பெரியவர், தங்கையைத் தோளில் சுமந்து இரவிரவாக நடந்ததை ஒருநாள் டீ குடித்தபடி சொன்னார். நான் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னார். நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே ஆரம்பித்தால், கைவேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

சரி, அன்றாட விஷயம். ஹர்கெய்சா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். மலை இறங்கி பெர்பெரா துறைமுகம் போனால் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், நம்ம கத்திரி வெயில்தான். ஹஜ் சமயத்தில் ஆடு, ஒட்டகம் கப்பலேறுவதை அங்கே பார்க்கலாம். கிழக்கே லாஸ் அனோத் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். 2023-இல் அங்கே பெரிய சண்டை நடந்தது.

வந்த அன்றே உள்ளூர் சிம் வாங்கி 'ஸாட்' கணக்கு திறந்துவிடுங்கள். டீக்கடையில்கூட போனிலேயே பணம் கொடுத்துவிடலாம். வீடு பார்க்கும்போது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேளுங்கள். பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். மது சட்டப்படி தடை. வெள்ளிக்கிழமை விடுமுறை.

அப்புறம் சாப்பாடு. சோற்றோடு ஒரு வாழைப்பழம் வைப்பார்கள். உரித்து, சோற்றோடு சேர்த்தே சாப்பிட வேண்டும். மாலையில் தட்டைப்பயறு அரைத்துப் பொரித்த 'பஜியே' கிடைக்கும். காரமான 'பஸ்பாஸ்' தொட்டு ஒரு வாய் வைத்தால், ஊர் டீக்கடை வடை ஞாபகம் வந்துவிடும்.