பிசியோதெரபிஸ்டின் முதல் வீட்டு விசிட்: போன் வந்ததிலிருந்து இரண்டாம் விசிட் வரை

படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் போன் வரும்: "ஏனுங்க, அப்பாவுக்குக் கை கால் விழுந்திருச்சுங்க. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்துட்டோம். வூட்டுக்கு வந்து எக்சர்சைஸ் சொல்லித் தர முடியுங்களா?"

பெருந்துறை, சென்னிமலை, காங்கயம் சுற்றுவட்டாரத்தில் பதினோரு வருடமாக இந்த போனை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோவையில் எத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தாலும், பக்கவாதம் வந்தவர் அங்கே படுத்திருப்பது சில நாட்கள்தான். அதற்கப்புறம் எல்லாமே தோட்டத்து வீட்டில் நடக்கிறது. அங்கே எப்படி வேலை செய்வது என்று எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னைப் போல நோயாளிகளின் செலவில் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நாம் அந்த வீட்டில் இருப்பது 45 நிமிடம். மீதி 23 மணி 15 நிமிடம் அவர் வீட்டாரோடு இருக்கிறார். அந்த நேரத்தில் அவரை யார் எப்படித் தூக்குகிறார்கள், எப்படி உட்கார வைக்கிறார்கள் என்பதில்தான் அவர் குணமாவது பெரும்பாலும் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

படி 1: போனிலேயே கேட்க வேண்டியவை

"வர்றேனுங்க" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாதம் எப்போது வந்தது, பிரஷர், சுகர் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, விழுங்கும்போது இருமல் வருகிறதா என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: "பகல்ல அவருகூட யாருங்க இருப்பாங்க?" போன் செய்கிற மகன் பெங்களூரில் இருப்பார். கூட இருப்பது மருமகளாகவோ, அறுபத்தைந்து வயது மனைவியாகவோ இருக்கும். நீங்கள் போகும் நேரத்தில் அவர் அவசியம் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தையும் இந்த போனிலேயே சொல்லுங்கள். நம் பக்கத்தில் காசு பேசக் கூச்சம் அதிகம். அவர்களும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம். மாதக் கடைசியில் "எவ்வளவுங்க ஆச்சு?" என்று கேட்கும்போது இரண்டு பக்கமும் மனம் சங்கடப்படும். வீட்டில் இருக்கும் 45 நிமிடம், போக வர 40 நிமிடம், எழுத 10 நிமிடம் என்றால் உங்கள் வேலை ஒரு மணி 35 நிமிடம். அந்த நேரத்துக்குப் பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிளம்பும்போது பையில் தேங்காயும் முருங்கைக்காயும் வைப்பார்கள். அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கட்டணத்தில் கழிக்காதீர்கள். வசதி இல்லாத வீடு என்றால் விசிட்டைக் குறைத்து, சொல்லிக் கொடுப்பதைக் கூட்டுங்கள்.

படி 2: பை

பிரஷர் பார்க்கும் கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், இஞ்ச் டேப், கையுறை, நீளமான கெட்டித் துண்டு ஒன்று, நோட்டு. முதல் நாள் இது போதும். சான்றிதழ் நகலும் பையில் இருக்கட்டும். பிசியோதெரபியும், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பேச்சுப் பயிற்சி படித்தவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

படி 3: உள்ளே போனதும் பத்து நிமிடம்

செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் நோயாளியிடம் போங்கள். வீட்டார் சுற்றி நின்று பேச ஆரம்பிப்பார்கள். ஊருக்கே நியாயம் சொன்ன மனிதராக இருப்பார், இப்போது அவரைப் பற்றி அவர் முன்னாலேயே மற்றவர்கள் பேசுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நான் பிசியோதெரபிஸ்ட்டுங்க. நீங்க சரின்னா ஆரம்பிக்கலாங்களா?" என்று அவரிடமே கேளுங்கள். பேச்சு வராவிட்டாலும் கேளுங்கள். தலையசைப்பு வரும் வரை காத்திருங்கள்.

அப்புறம் வீட்டைப் பாருங்கள். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கயிற்றுக் கட்டில் போட்டிருப்பார்கள். அது நடுவில் தொய்ந்து போகும், அதிலிருந்து நல்ல உடம்புக்காரரே முட்டுக்கொடுத்துத்தான் எழ முடியும். பலகைக் கட்டில் கேளுங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படும் உயரம் வேண்டும். கக்கூஸ் வெளியே, மாடு கட்டும் கட்டுத்தரையைத் தாண்டி இருக்கும். எத்தனை எட்டு, வழியில் எத்தனை படி என்று நீங்களே நடந்து எண்ணுங்கள். "இருபத்தாறு எட்டு, ரெண்டு படி" என்று நோட்டில் எழுதிக்கொண்டால் அந்த வீட்டுக்கான இலக்கு கிடைத்துவிட்டது. அவருக்கும் அது புரியும், "மசில் பவர் கிரேடு த்ரீ" புரியாது.

பிரஷர் பார்க்காமல் கையைத் தொடாதீர்கள். மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தால் நான் அன்று பயிற்சி தொடங்குவதில்லை, டாக்டருக்கு போன் செய்யச் சொல்கிறேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் நீவிவிடக் கூடாது, வீட்டாரையும் எண்ணெய் போட்டுத் தேய்க்க விடக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். புதிதாக வாய் கோணுவது, திடீர்த் தலைவலி, குழறல் என்றால் 108.

படி 4: ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்

என் முதல் வருடத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு பயிற்சிகளை அழகாகப் படம் வரைந்து எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டு அக்கா நாலு மணிக்கு எழுந்து நாலு மாட்டில் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து சமைக்கிறவர். தாள் காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. மூன்றாவது வாரம் அந்த அப்பாருவின் தோளைத் தொட்டபோது மேல் எலும்புக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவு பள்ளம், தொட்டாலே வலி. தினமும் அவரை எழுப்புவதற்கு விழுந்த கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும், கையின் சொந்த எடையே மூட்டைக் கீழே இழுக்கும், அதோடு இழுவையும் சேர்ந்தால் மூட்டு நழுவாமல் என்ன செய்யும்? எப்படி எழுப்புவது என்று நான் ஒருமுறைகூடக் காட்டியிருக்கவில்லை. இன்றும் அது மனதில் கிடக்கிறது.

அதனால் இப்போது முதல் நாள் சொல்லித் தருவது எழுந்து நிற்பது ஒன்றைத்தான். கட்டில் விளிம்புக்கு நகர்ந்து உட்கார வைக்க வேண்டும். இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டி, உதவுகிறவர் பலவீனமான பக்கத்தில் நின்று அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையையோ அக்குளையோ பிடிக்கக் கூடாது. விழுந்த காலின் முழங்கால் மடங்கிவிடாமல் உதவுகிறவர் தன் முழங்காலால் முட்டுக்கொடுக்க வேண்டும். "குனிஞ்சு உங்க மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேல வர்ற மாதிரி வாங்கைய்யா" என்று சொல்லுங்கள். நேராக நிமிர்ந்து எழப் பார்த்தால் யாராலும் முடியாது, முன்னால் சாய்ந்தால் பின்பக்கம் தானாகக் கிளம்பும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி எழ வேண்டும்.

முதல் தடவை நீங்கள் செய்யுங்கள். அப்புறம் அந்த அக்கா உங்கள் முன்னால் மூன்று தடவை செய்யட்டும். இரண்டாவது தடவையே பழக்கதோஷத்தில் கையைப் பிடிக்கப் போவார். "அக்கா, துண்டுங்க" என்று மெதுவாகச் சொன்னால் போதும், நோயாளி முன்னால் அவரைத் திட்ட வேண்டாம்.

நேரத்தை வீட்டு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். "ஒரு நாளைக்கு மூணு தடவை" என்றால் மறந்து போகும். "பால் ஊத்திட்டு வந்ததும் அஞ்சு தடவை, மத்தியானச் சோத்துக்கு முன்னால அஞ்சு, பொழுதோட டீ குடிச்சுட்டு அஞ்சு" என்றால் நடக்கும். செய்ததும் தினசரிக் காலண்டரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இரவுக்கு ஒரே குறிப்பு: திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். வால் எலும்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

படி 5: "கரண்ட் வெக்கலீங்களா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தசையில் லேசாக மின்சாரம் பாய்ச்சும் மிஷினை வைத்தால்தான் வைத்தியம் என்று நினைப்பது அவர்கள் தவறல்ல, பல இடங்களில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நான் சொல்வது இது: "கரண்ட் வெக்க வேண்டிய எடத்துல வெப்பேனுங்க. ஆனா எந்திரிச்சு நிக்கறதுக்கு மூளை திரும்பப் பழகணும். குழந்தை நடை பழகுற மாதிரி, செஞ்சு செஞ்சுதான் வரும்." காசுக்காக மிஷினை வைக்காதீர்கள். அதேபோல "ஒரே மாசத்துல நடக்க வெச்சர்றேன்" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். "ரெண்டு வாரத்துல கட்டில்ல தானா உக்கார்றதுக்குப் பாக்கலாம்" என்பது போல, நீங்கள் அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

படி 6: நம்முடையது அல்லாத வேலை

தண்ணீர் குடித்ததும் இருமுகிறார், குரல் தண்ணீர் கலந்தது போல் கொளகொளக்கிறது என்றால் அது பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டியது. விழுங்குவதும் அவர்கள் துறைதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அவர்கள் வந்து பார்க்கும் வரை படுக்க வைத்து எதையும் ஊற்றக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். ஒரு கையால் வேட்டி கட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, குளிப்பது இவற்றை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நம்மைவிட நன்றாகச் சொல்லித் தருவார். கோவை, ஈரோடு, சேலத்தில் இந்த இரண்டு துறையிலும் தெரிந்தவர்களின் எண்ணைச் சேர்த்து வையுங்கள். அவர்களிடமிருந்து உங்களுக்கும் நோயாளிகள் வருவார்கள்.

கட்டணம் கொடுக்க முடியாத வீட்டில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும்.

படி 7: எழுதுவதும் பத்திரமும்

கிளம்பும் முன் பிரஷர், செய்தது, யாருக்குச் சொல்லிக் கொடுத்தது, அடுத்த தேதி ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அனுமதி கேட்காமல் படமோ வீடியோவோ எடுக்காதீர்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு: லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள், முதல் விசிட்டை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். மனதுக்குச் சரியாகப் படாத வீட்டுக்கு மறுபடி போக வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

படி 8: இரண்டாம் விசிட்

போனதும் காலண்டரைப் பாருங்கள். கோடு குறைவாக இருந்தால் கோபப்படாமல் எந்த நேரம் ஒத்துவரவில்லை என்று கேட்டு மாற்றிக் கொடுங்கள். அப்புறம் புதுப் பயிற்சி எதையும் தொடங்காமல், "அக்கா, ஒரு தடவை எழுப்பிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். அவர் துண்டைக் கட்டுவார், பாதத்தைப் பின்னால் இழுத்து வைப்பார், எண்ணுவார். கை துறுதுறுக்கும், உதவப் போகாதீர்கள். நோயாளியின் முழங்கால் மடங்கினால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மட்டும் நில்லுங்கள்.