கடவுள் இல்லாத சமயமும் கடவுள் மறுப்பும்: எங்கே தவறுகிறோம்?

பௌத்தம், சமணம் பற்றிப் பேச்சு வந்தால் "அவர்களும் நாத்திகர்கள்தானே" என்று ஒருவர் முடித்துவிடுவார். "கோயில் கட்டி அபிஷேகம் செய்கிறார்களே, அப்புறம் எப்படி நாத்திகம்?" என்று இன்னொருவர் மடக்குவார். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். இன்று நாம் நாத்திகம் என்று சொல்வது ஒரு கேள்விக்கான பதில்: கடவுள் உண்டா? இல்லை. நான்தீயிசம், அதாவது கடவுள் சாராமை, ஒரு சமயமோ தத்துவமோ எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்கிறது. உலகம் நடக்க, வினை பலன் தர, விடுதலை கிடைக்க, படைத்தவன் என்று ஒருவர் அங்கே தேவைப்படுவதில்லை. நாத்திகர் உட்பட, கடவுளை நம்பாத எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயராகவும் சிலர் நான்தீயிசத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், ஒருவர் எந்தப் பொருளில் பேசுகிறார் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, தேவர்கள் இருந்தால் கடவுள் நம்பிக்கையும் இருக்கிறது என்று முடிவுகட்டுவது. பாலி மொழிப் பௌத்த நூல்களில் இந்திரனும் பிரம்மாவும் தாராளமாக வந்துபோகிறார்கள். ஆனால் எந்த நிலையில் வருகிறார்கள்? புத்தரின் உரைத்தொகுப்புகளில் ஒன்றான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சூத்திரத்தில் ஒரு கதை உண்டு. உலகம் மறுபடி விரியும்போது ஓர் உயிர் காலியான பிரம்ம விமானத்தில், அதாவது பிரம்மாவின் மாளிகையில், முதலில் போய்ப் பிறக்கிறது. நெடுங்காலம் தனிமை. யாராவது வந்தால் தேவலை என்று நினைக்கிறது. மேலுலகில் ஆயுள் முடிந்த வேறு சில உயிர்கள் தற்செயலாக அங்கே வந்து பிறக்கின்றன. "நான் நினைத்தேன், வந்துவிட்டார்கள், நானே இவர்களைப் படைத்தேன்" என்று அது நம்பிவிடுகிறது. வந்தவர்களும், நமக்கு முன்பே இவர் இருந்தாரே, இவர்தான் நம்மைப் படைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். படைப்புக் கடவுளை இவ்வளவு நயமாகக் கிண்டல் செய்த இடம் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். பிரம்மா இல்லை என்று கதை சொல்லவில்லை. இருக்கிறார், தன்னைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

சமணத்திலும் இதே மாதிரிதான். திருவண்ணாமலை மாவட்டம் திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதர் முன்னால் தமிழ்ச் சமணர்கள் கும்பிடுவதைப் பார்த்து அவரை வரம் தரும் சாமி என்று எழுதிவிடுகிறார்கள். நேமிநாதர் ஒரு தீர்த்தங்கரர், அதாவது வினையை அறுத்து விடுதலை பெற்று வழிகாட்டியவர். யார் வேண்டினாலும் தலையிட மாட்டார். அவரை வணங்குவது வணங்குகிறவரின் மனம் தெளிய. உலகியல் வேண்டுதல்கள் பெரும்பாலும் பத்மாவதி, ஜுவாலாமாலினி போன்ற இயக்கியர் எனப்படும் பெண் தெய்வங்களிடம் போகின்றன. அந்த இயக்கியரும் பிறந்து இறக்கும் உயிர்களே.

அடுத்த தவறு, புத்தர் கடவுளைப் பற்றி மௌனமாக இருந்தார் என்பது. மேடைகளில் சலிக்காமல் சொல்லப்படுகிறது. அவர் பதில் சொல்லாமல் விட்ட பத்துக் கேள்விகளின் பட்டியல் மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு உரைத்தொகுப்பில் இருக்கிறது: உலகம் என்றும் உள்ளதா, அதற்கு எல்லை உண்டா, உயிரும் உடலும் ஒன்றா, ததாகதர் (முழு விடுதலை பெற்ற புத்தர்) இறந்தபின் இருப்பாரா, இந்த வகை. கடவுள் உண்டா என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே கிடையாது. மாறாக, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பமெல்லாம் ஈசுவரன் செய்தது என்ற கொள்கையை அங்குத்தர நிகாயம் என்ற மற்றொரு தொகுப்பில் அவர் நேராகவே மறுக்கிறார். எல்லாம் அவன் செயலென்றால் கொலைக்கும் களவுக்கும் அவனே காரணம், நன்மை செய்ய முயல்வதற்கு இடமே இல்லை என்பது அவர் வாதம்.

வேதத்தை ஏற்றால் கடவுளையும் ஏற்றாக வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். வேத வேள்விகளைத் தூக்கிப் பிடித்த பூர்வ மீமாஞ்சை என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த குமாரில பட்டர், உலகைப் படைத்த ஒருவன் உண்டு என்பதை மறுத்து வாதாடினார். வேதத்தை யாரும் இயற்றவில்லை, வேள்வி தானே பலன் தரும், நடுவில் ஈசுவரன் எதற்கு? பழைய கணக்கில் நாத்திகர் என்பது முக்கியமாக வேதத்தை நிந்திப்பவர். அதனால் குமாரிலர் ஆத்திகர், மகாவீரர் நாத்திகர். அந்தக் கணக்கை இன்றைய விவாதத்தில் கொண்டுவந்து கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடவுளை ஒதுக்கியவர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்ற நினைப்புக்கு மணிமேகலைக் காப்பியமே நல்ல மருந்து. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி, அதாவது பருப்பொருள் மட்டுமே உண்மை என்பவன். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும், அவை பிரிந்தால் உணர்வு அழியும், மறுமை என்பது பொய், கண்ணால் கண்டதே அளவை (அறிவுக்கான சான்று) என்கிறான் அவன். மணிமேகலை ஏற்கப்போகும் பௌத்தத்திலும் படைத்தவன் இல்லை. இருந்தும் இருவரும் மோதுகிறார்கள். மோதல் மறுபிறப்பு பற்றியும், கண்டதை வைத்துக் காணாததை அறியும் அனுமானம் பற்றியும்: உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். கடவுள் அங்கே பேச்சிலேயே வரவில்லை.

சரி, கடவுள் சாராமை என்றால் மென்மையான, யாரையும் புண்படுத்தாத நாத்திகம் என்று எடுத்துக்கொள்ளலாமா? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது ஏற்ற 22 உறுதிமொழிகளில் முதலாவதே, பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை நம்பமாட்டேன், வணங்கமாட்டேன் என்பது. இதில் என்ன மென்மை? பெரியாரிடமும் கடவுள் மறுப்பு அதே அளவு வெளிப்படை. வேறுபாடு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சமூகத்துக்கு ஒரு தம்மம், அதாவது அறநெறி, வேண்டும் என்று அம்பேத்கர் கருதினார், அதில் கடவுளுக்கு இடம் வைக்கவில்லை. பெரியார் புத்தரைப் பாராட்டினார், 1954-இல் ரங்கூன் பௌத்த மாநாட்டுக்கும் போனார், ஆனால் பௌத்தத்துக்கு மாறவில்லை.