குளத்தைப் பார்த்து ஏக்கரைச் சொல்லுங்கள்: கிராம ஊழியத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் இருந்துகொண்டு முடிவெடுப்பதில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடிப் பேசி, அப்புறம்தான் ஏக்கரைப் பிரிப்பார்கள். சபையில் நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஏக்கரைச் சொல்லிவிடுகிறோம், மூன்று நாள் கூட்டம், இத்தனை கதிரை, இன்ன பேச்சாளர், நோட்டீஸும் அடித்தாயிற்று, அதற்குப் பிறகு முழங்காலில் நின்று "ஆண்டவரே, ஆசீர்வதியும்" என்கிறோம். அவரிடம் நாங்கள் கேட்பது கையெழுத்து மட்டும்தான்.

திட்டம் போடுவது பாவமில்லை. பவுல் திட்டம் போட்டுத்தான் நடந்தார். அப்போஸ்தலர் 16ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். ஆசியாவில் (இன்றைய கண்டம் இல்லை, துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லப் போனார்கள், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதற்கும் இடங்கொடுக்கவில்லை. கடைசியில் துரோவாவில், கடற்கரையில் வந்து நிற்கிறார்கள், அங்கேதான் இரவில் மக்கெதோனியன் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம். அக்கரை போய்ப் பிலிப்பியில் ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்த பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அங்கே முதலில் இருதயம் திறந்தவள் லீதியாள், இரத்தாம்பரம் விற்கிறவள். அவள் ஊர் தியத்தீரா. அது எங்கே இருக்கிறது தெரியுமா? பவுலுக்குப் பூட்டப்பட்ட அதே ஆசியாவில். இதைக் கவனித்த நாளிலிருந்து, தடைபட்ட பயணங்களை நான் முன்போல நினைப்பதில்லை.

சரி, எப்படிச் செய்வது?

வரவுசெலவு எழுதுவதற்கு முன் கிராமத்துக்குப் போங்கள், மைக் இல்லாமல், இரண்டு பேராக. அங்கே ஏற்கெனவே ஒரு சபை இருந்தால் அந்தப் போதகரிடம் முதலில் போங்கள். விதானையாரை, அதாவது கிராம அலுவலரை, கண்டு கதையுங்கள். காலபோக விதைப்பா, அறுவடையா, எந்த நாளில் பெண்கள் கூலிக்குப் போகிறார்கள், எந்த நாளில் நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கிறார், எல்லாம் கேளுங்கள். இது ஜெபத்துக்கு வெளியே உள்ள வேலை என்று நினைக்காதீர்கள், ஆண்டவர் பேசுகிறது அதிகமும் இப்படித்தான். வந்தபிறகு உபவாசத்தில் உட்காருங்கள், ஒரேயொரு கேள்வியோடு: "வேண்டாம்" என்று பதில் வந்தால் விடுவோமா? விடமாட்டோம் என்றால் அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருடைய சொப்பனத்தை மட்டும் வைத்துக்கொண்டு வான் பிடிக்காதீர்கள். தரிசனத்தைக் கண்டது பவுல் ஒருவர்தான், ஆனால் வசனத்தில் வருகிறது "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்பது. "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று பெரியவர் ஒருவர் சொன்னவுடன் மற்றவர்கள் வாயடைத்துப் போகிற சபையில் வழிநடத்துதலைச் சோதிக்க வழியே இல்லை. நாத்தான் தீர்க்கதரிசிதானே, ஆலயம் கட்ட நினைத்த தாவீதிடம் "உம்முடைய இருதயத்தில் உள்ளதைச் செய்யும்" என்றான், அன்று இரவே ஆண்டவர் அவனைத் திருத்தினார். மறுபடி ராஜாவிடம் போய்ச் சொல்ல அவன் வெட்கப்படவில்லை.

கஷ்டம் வேறு, பூட்டிய கதவு வேறு. பிலிப்பியில் அடியும் சிறையும் வந்தது, அதற்காக அவர்கள் வழி தவறவில்லை. அதனால் வான் பழுதாகிவிட்டது, ஒருவர் எதிர்த்தார் என்றவுடனே திரும்பாதீர்கள். காத்திருங்கள், மறுபடி கூடி ஜெபியுங்கள். கதவு பூட்டியிருக்கும்போது பெரும்பாலும் பக்கத்தில் எங்கோ ஒரு சின்னக் கூப்பிடுதல் கேட்கும், நாங்கள் இரைச்சலில் இருப்பதால் காதில் விழுவதில்லை.

2018 டிசம்பர் 22ஆம் திகதி கண்டாவளைப் பக்கம் மூன்று நாள் நத்தார்க் கூட்டம் வைக்க இருந்தோம். முதல்நாள் இரவு கொட்டிய மழையும் இரணைமடு வான்கதவுகள் திறந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொட்டகைத் தகரம் லான்ட்மாஸ்டர் பெட்டியிலேயே நனைந்து கிடந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆண்டவர் மேல். இரண்டு நாள் கழித்து, சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பாணும் பருப்பும் கொண்டு போனோம். ஒரு அக்கா, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "தம்பி, சாப்பாடு கிடைக்குது, கொஞ்ச நேரம் இருந்து கதைச்சிட்டுப் போங்கோ" என்றா. வாங்கில் இருந்தோம். மூன்று மணித்தியாலம். யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. தண்ணீர் வற்றி வீடு கழுவிய பிறகு அவவே ஆள் அனுப்பினா, வியாழன் பின்னேரம் தன் முற்றத்தில் ஜெபம் வைக்கலாமா என்று. ஏழு பெண்கள், ஒரு பாய், பிளேன்ரீ. அந்த வியாழக்கிழமை இன்னும் நடக்கிறது.

உலர் உணவுப் பொதியை ஆள் சேர்க்கும் கருவியாக்காதீர்கள். கூட்டத்துக்கு வந்தால்தான் பொதி என்றால் அங்கே வழிநடத்துவது ஆவியானவர் இல்லை, அரிசி. கொடுப்பதென்றால் வருகிறவருக்கும் வராதவருக்கும் கொடுங்கள்.

இன்னொன்று, இதை இருமுறை வாசியுங்கள். "மனிதத் திட்டம் முறிந்தது, தேவதிட்டம் நின்றது" என்பதை உங்கள் கூட்டத்துக்கும் உங்கள் கொட்டகைக்கும் சொல்லுங்கள். 2009இல் பிள்ளையைத் தொலைத்து, இன்றைக்கும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற தாயிடம் அந்தப் பேச்சோடு போகாதீர்கள். அவவுக்கு நடந்தது மனிதர் செய்தது. அங்கே பக்கத்தில் இருந்து அழுவதுதான் உங்கள் ஊழியம்.

கடைசியாக, பணம் அனுப்பியவர்களுக்கு உள்ளதை எழுதுங்கள். வெளிநாட்டில் குளிரில் வேலை செய்து அனுப்புகிற எங்கள் சனம்தான் அவர்களில் பலர். "கூட்டம் நடக்கவில்லை, கதிரைக்கு வைத்த காசு பாணுக்கும் பருப்புக்கும் போனது, இதோ பற்றுச்சீட்டு, வியாழக்கிழமைகளில் ஏழு பேர் வருகிறார்கள்" என்று நாங்கள் எழுதியபோது கை நடுங்கியது. வந்த பதில் ஒரு வரி: அந்த ஏழு பேரின் பெயரையும் அனுப்புங்கோ, ஜெபிக்க வேணும்.