அயோடின் மருந்துக்குத் தேதி வாங்கும் முன்

போன வாரம் பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் மதினி ஒருவர் கழுத்துத் தழும்பு ஆறும் முன்பே வந்து உட்கார்ந்தார். "அயோடின் மருந்து எந்த ஊர்ல குடிக்கணும் மதினி? எவ்வளவு ஆகும்?" தைராய்டு புற்றுக்கு அறுவை முடிந்ததும் நானும் இதைத்தான் கேட்டேன். அறுவைக்குப் பின் மிச்சமிருக்கும் தைராய்டு திசுவை அழிக்கக் குடிக்கும் கதிரியக்க அயோடின் அது. மாத்திரை மறப்பது, ஃபைலைத் தொலைப்பது போன்ற தவறுகள் எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் தவறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

புற்று என்றால் அயோடின் கட்டாயம் என்று நினைப்பது

என் கட்டி பாப்பில்லரி வகை (தைராய்டு புற்றில் அதிகம் வருவது), 12 மில்லிமீட்டர். நெறிகளில் (கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களில்) பரவல் இல்லை. "எடுத்துக்கிட்டா நல்லது" என்றார் மருத்துவர். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நகையை அடகு வைத்து 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குடித்தேன். மறுநாளே காதுக்குக் கீழே இருபுறமும் வீங்கி வலித்தது. வீக்கம் வடிந்தது, உமிழ்நீர் திரும்பவில்லை. சோறு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

2022-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானது. என்னைப் போல 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத, பரவாத கட்டி உள்ள 776 பேர். பாதிப் பேருக்கு அயோடின், மீதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். மூன்று வருஷம் கழித்தும் இரு பக்கமும் ஏறக்குறைய 96 சதவீதம் பேர் சிக்கலின்றி இருந்தார்கள். மிச்சத் திசுவை அழிக்க 100 தேவையில்லை, 30 மில்லிகியூரியே போதும் என்று 2012-லேயே இரண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன.

அதற்காக எல்லாரும் மறுத்துவிடாதீர்கள். நுரையீரலுக்குப் போயிருந்தால், சுரப்பியைத் தாண்டி வெளியே படர்ந்திருந்தால், நெறிகளில் நிறையப் பரவியிருந்தால் இந்த மருந்து பெரிய துணை. மெடுல்லரி என்ற இன்னொரு வகைத் தைராய்டு புற்றோ அயோடினை உறிஞ்சாது. ஆகவே அறுவையில் எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: கட்டி எவ்வளவு, வெளியே படர்ந்ததா, நெறி எத்தனை, அறுவைக்குப் பின் இரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) எவ்வளவு?

கருவாட்டை மட்டும் நிறுத்துவது

குடிக்கும் முன் ஒன்றிரண்டு வாரம் உடம்பில் அயோடின் குறைய வேண்டும். இல்லாவிட்டால் மருந்து செல்லுக்குள் ஏறாது. மீன், முட்டை, பால் மட்டுமல்ல, நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசியும் (அகர்) ஆகாது. நம் பெண்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அந்த அகர் வருகிறது. கல்லுப்பிலும் அயோடின் கலந்து விற்கிறார்கள், பாக்கெட்டைப் படியுங்கள்.

கான்ட்ராஸ்ட் சி.டி.

சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் இது. அந்தச் சாயத்திலும் அயோடின்தான். எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீடு திரும்புவது

குடித்த மருந்தின் கதிர் உங்களிடமிருந்து பக்கத்தில் இருப்பவர் மேலும் படும். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், 8 நாள். பிள்ளையை எத்தனை நாள் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது, ராமேஸ்வரம் பஸ்ஸில் நெருக்கியடித்து வரலாமா என்று அங்கேயே கேளுங்கள்.

கர்ப்பம்

மருந்து குடித்த பின் ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள்.