சின்ன டிராக்டர் டயர்ல மெதுவா காத்து இறங்குதா? அவசரத்துல பண்ணக்கூடாத தப்புகள்

சாயங்காலம் காத்து அடிச்சு நிறுத்துவோம், மூணாம் நாள் காலையில பாத்தா வண்டி ஒரு பக்கம் லேசா சாஞ்சு நிக்கும். திரும்ப அடிப்போம், திரும்ப இறங்கும். இப்படியே ஒரு சீசன் முழுக்க ஓட்டுறவங்க நிறைய பேரு இருக்காங்க. ஒரேடியா பஞ்சர் ஆயிட்டா யாரும் விடமாட்டாங்க, அன்னைக்கே கழட்டிருவாங்க, மெதுவா இறங்குறது தான் நம்மள ஏமாத்தும். அதுல ரெண்டு விதமா தப்பு பண்றோம். வெறும் காத்தை மட்டும் அடிச்சு அடிச்சு ஓட்டிக்கிட்டே இருக்கறது ஒண்ணு. எங்க லீக்னே தெரியாம கையில கிடைச்ச மருந்தை உள்ள ஊத்துறது இன்னொண்ணு. ரெண்டாவது தான் டயரையும் ரிம்மையும் ரொம்ப கெடுக்கும்.

முதல்ல ஒரு கணக்கு. சின்ன டிராக்டர் டயர்ல இருக்கற பிரஷரே ரொம்ப கம்மி, கார்டன் டிராக்டர்னா பெரும்பாலும் 10லருந்து 14 பிஎஸ்ஐக்குள்ள தான் இருக்கும். 12 பிஎஸ்ஐ இருக்கற டயர்ல 3 இறங்கிட்டா கால்வாசி போயிருச்சுன்னு அர்த்தம், ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் தொப்பை விழுந்த மாதிரி இருக்கும் அவ்வளவு தான். கார், லாரிக்கு வச்சிருக்கற 100 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டுற கேஜ்ல இந்த 3 வித்தியாசத்தை நம்பி படிக்கவே முடியாது. 0லருந்து 30 வரைக்கும் காட்டுற கேஜ் ஒண்ணு கண்டிப்பா வேணும். இன்னொண்ணு, வெயில்ல சூடான டயர்ல செக் பண்ணிட்டு மறுநாள் விடிகாலையில திரும்ப செக் பண்ணா 10 டிகிரி குளிர்ச்சிக்கு கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ தானாவே குறைஞ்சிருக்கும். அது லீக் இல்ல. ஒரே நேரத்துல, டயர் ஆறி இருக்கும்போது, ரெண்டு மூணு நாள் பாத்து எழுதி வச்சா தான் நிஜமா லீக் இருக்கான்னே தெரியும்.

காத்து கம்மியா இருக்கும்போதே லோடு இழுக்கறது அடுத்த தப்பு. டியூப் போட்ட டயர்னா இதோட விளைவை வால்வுலயே பாக்கலாம். வால்வு ரிம் ஓட்டைக்குள்ள நேரா நிக்கணும், அது ஒரு பக்கமா சாஞ்சு நின்னா டயர் ரிம் மேல வழுக்கி சுத்துது, டியூபையும் கூடவே இழுத்துட்டு போகுதுன்னு அர்த்தம். அப்படியே ஓட்டுனா வால்வு டியூப்ல ஒட்டி இருக்கற அடிப்பக்கம் கிழியும், அந்த இடம் கிழிஞ்சா ஒட்டு நிக்காது, டியூபையே தான் மாத்தணும். நான் ஒரு தடவை சாஞ்ச வால்வை பாத்துட்டு இன்னைக்கு வேலை முடியட்டும் நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டேன், மத்தியானத்துக்குள்ள வால்வு அடியோட பிஞ்சு வந்துருச்சு. ஒரு சின்ன ஒட்டுல முடிய வேண்டிய விஷயம் புது டியூப்ல போய் நின்னுச்சு.

சரி, லீக் எங்கன்னு தேடுறது. எல்லாரும் டயர்ல ஆணி இருக்கா முள்ளு இருக்கான்னு தான் முதல்ல தேடுவாங்க, வால்வை பாக்கவே மாட்டாங்க. மூடியை கழட்டிட்டு வால்வு வாய்ல ரெண்டு சொட்டு சோப்பு தண்ணி விடுங்க. ஒரு குமிழி மெதுவா ஊதி வந்தா வால்வு உள்ள காத்தை அடைச்சு பிடிக்கற பின் தான் காரணம். அதை திருகுற சின்ன டூல் வச்சு லேசா இறுக்கி பாருங்க, நிக்கலைன்னா பின்னை மாத்திருங்க, அதுக்கு வீலை கழட்டக்கூட வேண்டாம். ரொம்ப போட்டு இறுக்குனா அதுல இருக்கற சின்ன ரப்பர் நசுங்கி முன்னைவிட அதிகமா லீக் ஆகும். மூடி இல்லாம ஓட்டுறதும் தப்பு தான், சேறும் மண்ணும் பின்னுக்குள்ள போய் உக்காந்துக்கும், அடுத்த தடவை காத்து அடிக்கும்போது அந்த மண்ணு பின்னை முழுசா மூட விடாது.

வால்வு நல்லா இருந்தா அப்புறம் டயர். சோப்பு தண்ணியை தெளிச்சுட்டு உடனே பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு போயிராதீங்க. மெதுவா இறங்குற லீக் பெரிய குமிழி விடாது, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா ஒரு இடத்துல மட்டும் வெள்ளையா பொடி நொரை சேந்திருக்கும், சுத்தி இருக்கற தண்ணி எல்லாம் காஞ்சு போயிருக்கும் அந்த ஒரு இடம் மட்டும் நொரைச்சுக்கிட்டே இருக்கும். தேடுறதுக்கு முன்னாடி டயர் பக்கச் சுவர்ல எழுதியிருக்கற அதிகபட்ச அளவு வரைக்கும் காத்து ஏத்திக்கோங்க, அதுக்கு மேல வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் பாத்துட்டு வண்டிப்பக்கம் இருக்கற உள் விளிம்பை விட்டுருவாங்க, அங்க தான் சேறு ஒட்டி ரிம் துரு பிடிச்சு பீட் (ரிம்ல உக்காருற டயர் விளிம்பு) வழியா காத்து போயிட்டு இருக்கும். ஆணியோ முள்ளோ கண்ணுல பட்டா உடனே புடுங்காதீங்க, சாக்பீஸ்ல வட்டம் போட்டு விடுங்க, புடுங்கிட்டா அந்த ஓட்டையை திரும்ப கண்டுபிடிக்கறது பெரிய வேலை.

இதுல நிறைய பேரு ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. டியூப் இருக்கற டயர்ல டியூப்ல எந்த மூலையில ஓட்டை இருந்தாலும் காத்து டயருக்கும் டியூபுக்கும் நடுவுல ஓடி வந்து வால்வு ஓட்டை வழியாவோ பீட் ஓரமாவோ தான் வெளிய வரும். அங்க நொரை வருதுன்னு வால்வை மாத்துவாங்க, பீட்ல எதையாவது பூசுவாங்க, லீக் அப்படியே இருக்கும். அதனால டியூப் டயரா டியூப்லெஸ்ஸான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். ரிம் ஓட்டையில ரப்பர் அடைப்போட டைட்டா வால்வு உக்காந்திருந்தா பெரும்பாலும் டியூப்லெஸ். வால்வு ஆடுனாலோ, நட்டு போட்டு பிடிச்சிருந்தாலோ டியூப் இருக்கலாம். பக்கத்துல எழுதியிருக்கறதை மட்டும் நம்ப முடியாது, டியூப்லெஸ் டயருக்குள்ளயே பழைய ஓனர் டியூப் போட்டு வச்சிருக்கறது ரொம்ப சகஜம்.

இப்ப உள்ள ஊத்துற சீலண்ட், அதாவது ஓட்டையை உள்ளருந்து அடைக்கற மருந்து. அதை நான் வேண்டாம்னே சொல்லல, தரையில படுற பட்டன் பக்கம் குத்துன சின்ன சின்ன முள்ளு ஓட்டைக்கு அது வேலை செய்யும். ஆனா டயர் சுத்தும்போது பரவி தான் அது அடைக்கும், டிராக்டர் ஓடுற வேகத்துல அது மெதுவா தான் பரவும், ஊத்திட்டு உடனே நிறுத்தி வச்சா எல்லாம் கீழ தேங்கி நிக்கும். பக்கச் சுவர்ல வெடிப்பு, துரு பிடிச்ச பீட், வால்வு அடி கிழிசல் இது எதுக்கும் அது சரிப்படாது. இன்னொரு பெரிய தொந்தரவு, ஒரு தடவை ஊத்திட்டா அப்புறம் உள்ள பேட்ச் ஒட்டணும்னா அந்த பிசுக்கை முழுக்க கழுவி எடுக்காம பேட்ச் ஒட்டவே ஒட்டாது. அதனால லீக் எங்கன்னு தெரிஞ்ச பிறகு தான் பாட்டிலை திறக்கணும். திரி சொருகுற பஞ்சர் கிட்டும் அப்படித்தான், டியூப்லெஸ் டயர்ல பட்டன் பகுதிக்கு மட்டும் தான் அது. பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிருற இடம், அங்க திரி நிக்காது.

கழட்டித்தான் ஆகணும்னா ஜாக்கி போடுறதுல கவனம். வண்டியை கியர்ல போட்டு வச்சாச்சு நகராதுன்னு நினைக்கறது ரொம்ப ஆபத்தான தப்பு. பின் வீல் ஒண்ணை தூக்குன உடனே டிஃபரன்ஷியல் (ரெண்டு பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் அமைப்பு) வழியா தூக்குன வீல் சும்மா சுத்த ஆரம்பிச்சிரும், தரையில இருக்கற வீலை கியர் பிடிச்சு நிறுத்தாது. நிறைய கார்டன் டிராக்டர்ல பார்க்கிங் பிரேக்கும் டிஃபரன்ஷியலுக்கு முன்னாடியே இருக்கறதால அதுவும் கை விட்டுரும். தரையில இருக்கற வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க. முன் ஆக்சில் நடுவுல ஒரு பின்ல தொங்கி ஆடுற மாதிரி இருக்கும், அதனால முன்பக்கம் தூக்கும்போது ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல மர ஆப்பு அடிச்சுக்கோங்க. ஜாக்கியை மட்டும் நம்பி பக்கத்துல உக்காரக்கூடாது, ஸ்டாண்டு வைங்க.

பின் டயர்ல வெயிட்டுக்காக தண்ணி நிரப்பியிருந்தா அந்த வீலை தனியாளா கழட்டாதீங்க, சாஞ்சா பிடிக்க முடியாது. வால்வை மேல கொண்டு வராம வால்வு பின்னை கழட்டுனா தண்ணி பீச்சி மூஞ்சில அடிக்கும், அதுல கால்சியம் குளோரைடு உப்பு கலந்திருந்தா கண்ணுக்கு ரொம்ப எரிச்சல். வால்வை சுத்தி வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருந்தா அந்தக் கரைசல் கசியுதுன்னு எடுத்துக்கலாம். அது ரிம்மை அரிக்கும், அதனால ஓட்டையை மட்டும் அடைச்சிட்டு விடாம ரிம்மை நல்ல தண்ணியில கழுவி துருவை சுரண்டி பெயிண்ட் அடிச்சுட்டு தான் திரும்ப மாட்டணும்.

வீலை இறக்குனதும் வால்வு பின்னை கழட்டி காத்தை முழுசா வெளிய விடுங்க. சில சின்ன வீல்ல ரிம்மே ரெண்டு பாதியா சேத்து போல்ட் போட்டிருக்கும், காத்து இருக்கும்போது அந்த போல்ட்டை தளர்த்துனா ரெண்டு பாதியும் வெடிச்சு பிரிஞ்சு ஆளை அடிச்சிரும். எந்த போல்ட் எதை பிடிச்சிருக்குன்னு பாக்காம ஸ்பேனரை வைக்காதீங்க.

டியூபை உருவுறதுக்கு முன்னாடி வால்வுக்கு நேரா டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. டியூப்ல ஓட்டை வால்வுலருந்து எத்தனை ஜாண் தள்ளி இருக்குன்னு பாத்தா டயர்ல அதே தூரத்துல முள்ளு உக்காந்திருக்கும். ஒட்டு போட்டுட்டு முள்ளை டயருக்குள்ளயே விட்டுட்டு மாட்டுறது தான் நான் பாத்ததுலயே அதிகமா நடக்கற தப்பு. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதை புடுங்கிருவாங்க, உள்ள முறிஞ்ச நுனி அப்படியே இருக்கும், கண்ணுக்கு தெரியாது. பழைய பனியன் துணியை உள்பக்கம் சுத்தி மெதுவா இழுத்துட்டு போனா நூல் எங்க மாட்டுதோ அங்க முள்ளு. விரலால தடவாதீங்க, கம்பி இருந்தா கிழிச்சிரும். ஒரு முள்ளு கிடைச்சதும் நிறுத்தாதீங்க, முழு சுத்தும் பாருங்க, டியூபையும் ஒரு ஓட்டை கிடைச்ச பிறகும் முழுக்க தண்ணியில முக்கி பாருங்க.

ஒட்டு போடும்போது அவசரம் தான் எல்லாத்தையும் கெடுக்குது. இடத்தை நல்லா உரசி, பளபளப்பு போன பிறகு சொல்யூஷன் பூசணும், பூசுனதும் ஈரமா இருக்கும்போதே பேட்சை வச்சா ஓரம் தூக்கிக்கும். சொல்யூஷன் மினுமினுப்பு போயி மங்கலா ஆகுற வரைக்கும் சில நிமிஷம் விடுங்க, அப்புறம் பேட்சை வச்சு நடுவுலருந்து ஓரத்துக்கு அழுத்தி தேய்ங்க. திரும்ப மாட்டும்போது டியூப்ல டால்கம் பவுடர் போட்டு, கொஞ்சமா காத்து அடிச்சு வடிவத்துக்கு கொண்டு வந்துட்டு உள்ள வைங்க, வெறும் டியூபை திணிச்சா மடிப்பு விழுந்து அந்த மடிப்புலயே தேஞ்சு போகும். கடைசி பக்கத்தை லிவர் போட்டு ஏத்தும்போது லிவர் நுனி டியூபை கடிச்சிரும், அதனால ஆழமா விடாம சின்ன சின்னதா ஏத்துங்க, எதிர்ப்பக்கம் பீட் ரிம்மோட நடுப்பள்ளத்துல கிடந்தா லிவருக்கு பலமே தேவைப்படாது. வழுக்க சோப்பு தண்ணி போதும், கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊற வச்சு கெடுத்துரும்.

டியூப்லெஸ்ல பீட் உக்கார வைக்கறது தான் கொஞ்சம் பயந்து செய்ய வேண்டிய வேலை. ரிம் விளிம்புல துருவை வயர் பிரஷ்ல சுத்தம் பண்ணாம மாட்டுனா லீக் திரும்ப வரும். காத்து உள்ள நிக்காம ரெண்டு பக்கமும் ஓடுனா டயர் நடுவுல சுத்தி ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்க, பீட் வெளிப்பக்கமா தள்ளிக்கும். வால்வு பின்னை கழட்டிட்டு அடிச்சா காத்து வேகமா போகும். பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ அடிச்சு நெருப்பு வச்சு டப்புனு உக்கார வைக்கறாங்க பாருங்க, அதை எக்காரணம் கொண்டும் பண்ணாதீங்க. உள்ள எவ்வளவு பிரஷர் ஏறும்னு யாராலயும் கட்டுப்படுத்த முடியாது. நிறைய விவசாய டயர்ல பீட் உக்கார வைக்க 35 பிஎஸ்ஐக்கு மேல போகாதேன்னு பக்கத்துலயே அச்சடிச்சிருக்கும், சின்ன டயருக்கு அதைவிட கம்மியாவும் இருக்கலாம். அந்த அளவுல உக்காரலைன்னா காத்தை இறக்கி, திரும்ப சோப்பு தடவி, மறுபடி முதல்லருந்து ஆரம்பிங்க. அடிக்கும்போது நீளமான ஓஸ்ல கிளிப் மாட்டிட்டு தள்ளி நில்லுங்க, பக்கச் சுவருக்கு நேரா முகத்தை வச்சு குனியாதீங்க. ரிம்ல விரிசல் இருந்து வெல்டிங் வைக்கணும்னா டயரை முழுசா கழட்டாம வைக்கவே கூடாது, காத்து இறக்கியிருந்தாலும் சூட்டுல உள்ள வாயு சேந்து வெடிக்கும்.

மாட்டும்போது பட்டன் எந்தப் பக்கம் பாக்குதுன்னு அம்புக்குறியை பாருங்க, கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வச்சா குழப்பமே வராது. நட்டை குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி இறுக்குங்க, ஒரு மணி நேரம் ஓட்டுன பிறகு நிறுத்தி திரும்ப ஒரு தடவை இறுக்கி பாருங்க. அன்னைக்கு இருந்த பிரஷரை ரிம் உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதி வச்சுட்டு மூணு நாள் கழிச்சு காலையில டயர் ஆறி இருக்கும்போது அதே கேஜ் வச்சு பாருங்க.